தீ மூட்டாத அறை

வீரிங்கன் தீவு, 1739 நவம்பர் 14

அண்ணா,

நீ அனுப்பிச்ச வெப்பமானி உடையாம வந்து சேர்ந்துச்சு. படகுக்காரன் லைடன்லேர்ந்து வந்த பொட்டியைக் கீழ வைக்காம மடியிலயே வெச்சுக்கிட்டு வந்தானாம். பெத்த பிள்ளையைக் கூட அப்படித் தூக்கிட்டு வர மாட்டான். உன் மாப்பிள்ளை துறையில நின்னு வாங்கிட்டு வந்தாரு. வழியில யார் கூப்பிட்டும் அவருக்குக் காதுல விழலே. என்னைக் கட்டிக்கிட்டு வந்த அன்னைக்குக் கூட அந்த மூஞ்சியில இவ்வளவு சிரிப்பு பார்க்கலே. சரிதான், வீட்டுக்குச் சக்களத்தி வந்துட்டான்னு நினைச்சுக்கிட்டேன்.

கூட வந்த அச்சுக் காகிதத்தையும் எனக்குப் படிச்சுக் காட்டினாரு. வடக்குப் பார்த்த அறையில மாட்டணும். வெயில் படக் கூடாது, காத்து அடிக்கக் கூடாது. அந்த அறையில எப்பவுமே தீ மூட்டக் கூடாது. பெரிய மனுஷங்க யோசிச்சுத்தான் எழுதியிருப்பாங்க. ஆனா அண்ணா, எங்க வீட்டுல எத்தனை அறைன்னு உனக்குத் தெரியாதா? முன் அறையில பகலெல்லாம் பள்ளிக்கூடம். சமையல் அடுப்பும் அங்கதான். வடக்குப் பார்த்தது பின் அறை. எங்க கட்டில் அங்க இருக்கு, அலமாரி மாதிரி கதவு வெச்சு, சுவரோட சுவரா பலகை அடிச்சது, பேத்து வேற இடத்துல போட முடியாது. படுக்கப் போறதுக்கு முன்னாடி அங்க இருக்கிற கணப்புல சதுப்புல வெட்டின எரிமண் ரெண்டு கட்டி போட்டு மூட்டுவேன். இனிமே அது கிடையாதாம்.

என் கால் சூட்டுப் பெட்டியைக் கூட உள்ள கொண்டு போக விட மாட்டேங்குறாரு. அதுக்குள்ள கிடக்கிற நாலு தணலுக்கே பாதரசம் ஏறிடுமாம். "ஹில்லே, இது நமக்காக இல்லே, உலகத்துக்காக"ன்னு சொல்றாரு. உலகத்துக்குக் கால் சில்லிடலே அண்ணா, எனக்குத்தான் சில்லிடுது.

இருந்தாலும் சொல்றேன், மனுஷன் சந்தோஷமா இருக்காரு. காலையில, மத்தியானம், ராத்திரின்னு போயி பார்த்துட்டு, உதட்டுல ஒரு பாட்டோட வர்றாரு. அதுக்காகப் பொறுத்துக்குறேன்.

ஹில்லே


லைடன், 1739 டிசம்பர் 9

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் உரக்கப் படித்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு கண்ணாடிக் குழாயைச் சக்களத்தி என்று திட்டியவள் ஹாலந்து முழுவதிலும் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

ஆனாலும் ஒன்றைப் புரிந்துகொள். ஃபான் ரோயன் என்று ஒரு பெரிய மனிதர் இங்கே இருக்கிறார். ஊர் ஊராகக் குளிரையும் வெப்பத்தையும் அளக்கச் சொல்லி, எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறார். அவருக்கு வெப்பமானி செய்து கொடுக்க என்னையும், கால்வாய்க்கு எதிர்க்கரையில் இருக்கும் இன்னொருவனையும் நிறுத்தி வைத்திருக்கிறார். யாருடைய குழாய் ஒரு குளிர்காலம் முழுக்க, விதி தவறாமல், இடைவிடாமல் நின்று மெய் சொல்கிறதோ அவனிடம்தான் இனி வாங்குவார். என்னுடைய குழாய்களில் மிகச் சிறந்ததை உங்கள் வீட்டுக்குத்தான் அனுப்பியிருக்கிறேன். கடலுக்கு நடுவே இருப்பதால் உங்கள் தீவின் கணக்கை அவர் பெரிதும் எதிர்பார்க்கிறார்.

மாப்பிள்ளையின் பெயரும் அச்சில் வரும். 'வீரிங்கன் தீவின் பள்ளி ஆசிரியர் சிப்ரன்ட்' என்று. உன் கல்யாணத்துக்கு மறுநாள் அவர் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது: "மச்சான், மீனவர் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே நான் செத்துப்போவேன். நான் இருந்தேன் என்று ஒருவனுக்கும் தெரியாது." அப்படிப்பட்ட மனிதருக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று நீ அறிவாய்.

ஒரு தடவை தீ மூட்டினாலும் அந்தக் குளிர்காலமே பாழ். அதனால் பொறுத்துக்கொள். வசந்தம் வந்ததும் உனக்கு நல்ல கம்பளி வாங்கித் தருகிறேன்.

உன் அண்ணன்
யோரிஸ்


வீரிங்கன் தீவு, 1740 ஜனவரி 17

அண்ணா,

இது எப்ப உன் கைக்கு வரும்னு தெரியலே. கடல் உறைஞ்சு கிடக்கு. நடந்து போற அளவுக்குக் கெட்டியாவும் இல்லே, படகு போற அளவுக்குத் தண்ணியாவும் இல்லே. நம்ம ஆளுங்க சிலபேர் ஒரு சின்னப் படகைப் பனிக்கட்டி மேல இழுத்துக்கிட்டு, வாய் பிளந்த இடத்துல அதுல ஏறிக்கிட்டு, அப்படியே அக்கரைக்குப் போறாங்க. அவங்ககிட்ட இதைக் கொடுத்து விடுறேன்.

எரிமண் ஏத்தின படகெல்லாம் அக்கரையிலயே மாட்டிக்கிச்சு. ஊரே சாணியும் ஆட்டுப் புழுக்கையும் எரிக்குது. பள்ளிக்கூடத்துல மசிக்கூடெல்லாம் வெடிச்சுப் போச்சு. ரொட்டி அறுக்க ரம்பம் எடுக்க வேண்டியிருக்கு. பீப்பாயில பீர் கல்லாயிடுச்சு.

உன் மாப்பிள்ளைக்கு இதெல்லாம் திருவிழா. "ஹில்லே, ஓடி வா, தண்ணி உறையுற கோட்டைத் தாண்டி எவ்வளவு கீழ போயிடுச்சு பாரு! இன்னும் இறங்குது!"ன்னு போர்வையைத் தலையில போட்டுக்கிட்டு, சின்னப் பையன் மாதிரி குதிக்கிறாரு. குதிச்சு முடிச்சதும் இருமுறாரு. கேட்டா, "புகை ஒத்துக்கலே"ன்னாரு. எந்தப் புகை? தீயே மூட்டாத அறையில எங்கேர்ந்து வந்துச்சு புகை?

அடுப்பு ஓரமா முன் அறையில மெத்தை போட்டேன். "இங்க படுங்க, வேளாவேளைக்கு எழுந்து போயி பார்த்துட்டு வாங்க"ன்னேன். ஒரு ராத்திரி படுத்தாரு. மறுநாள் திரும்ப அங்கயே போயிட்டாரு. ஏன் தெரியுமா? அடுப்புச் சூட்டோட எழுந்து போயி குழாய்க்கிட்ட நின்னா, அவரு உடம்புச் சூட்டுக்கே பாதரசம் அசையுமாம். அதனால அங்கயே கிடந்து, அறை மாதிரியே அவரும் ஆறிப் போயிருக்கணுமாம். இப்படி ஒரு பைத்தியக்காரத்தனத்தை யாராவது கேட்டிருக்காங்களா?

போன ஞாயித்துக்கிழமை கோவில்ல வழக்கம் போல பாட்டு எடுத்துக் கொடுக்க எழுந்தாரு. ரெண்டாவது அடியிலயே குரல் உடைஞ்சு போச்சு. அவரு நிறுத்தினதும் ஜனங்க ஆளுக்கொரு ராகத்துல இழுத்தாங்க. எனக்கு முதல்ல சிரிப்பு வந்துச்சு. அவரு மூச்சு வாங்குறதைப் பார்த்ததும் பயம் வந்துச்சு. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு அண்ணா.

நான் சொன்னா பொம்பளை புலம்பல். போதகர் சொன்னா, "உங்களுக்கு விஞ்ஞானம் தெரியாது ஐயா"ங்கிறாரு. நீ சொன்னா மட்டும் வேதவாக்கு. ஒரே ஒரு வரி எழுது. 'மாப்பிள்ளை, போதும், அந்த அறையில தீ மூட்டுங்க'ன்னு. உன் கையெழுத்துல இருந்தா கேட்பாரு. உன் காலைப் பிடிச்சுக் கேட்குறேன்.

ஹில்லே


லைடன், 1740 ஜனவரி 30

அன்புள்ள ஹில்லேவுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கேயும் அதே கதைதான். பறவைகள் பறந்துகொண்டிருக்கும்போதே செத்து விழுகின்றன. கால்வாயில் வண்டி ஓடுகிறது.

மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு சீட்டு எழுதி, ஒட்டி, இதனுடன் வைத்திருக்கிறேன். அதை அவரிடம் கொடுத்துவிடு. இருமலுக்கு அதிமதுரமும், மார்புக்கு என்னுடைய கம்பளி உள்சட்டையும் அனுப்பியிருக்கிறேன். அதைக் கழற்றாமல் போட்டிருக்கச் சொல்.

நேற்று ஃபான் ரோயன் பட்டறைக்கு வந்திருந்தார். வந்தது முதல் போகும்வரை என் உலையை விட்டு ஓர் அடி நகரவில்லை. "தீவுக் கணக்கு விடாமல் நடக்கிறதா?" என்று கேட்டார். நடக்கிறது என்றேன். "இப்படி ஒரு குளிர் நம் ஆயுளில் இனி வராது, யோரிஸ். கைநழுவ விட்டுவிடாதே" என்றார். அந்த நேரத்தில் நான் என்ன சொல்ல முடியும், ஹில்லே? எதிர்க்கரைக்காரனின் குழாய் ஒன்று ஹார்லெம் நகரில் குளிர் தாங்காமல் விரிசல் விட்டுவிட்டதாம். இப்போது இருப்பது என்னுடையதுதான்.

குளிர் எப்படியும் இன்னும் கொஞ்ச நாளில் முறிந்துவிடும். மாப்பிள்ளை திடகாத்திரமான ஆள். நீ சின்ன வயதிலிருந்தே எதற்கும் பெரிதாகப் பயப்படுகிறவள். மனதைத் தளரவிடாதே.

யோரிஸ்


வீரிங்கன் தீவு, 1740 பிப்ரவரி 11

யோரிஸ்,

உன்னை அண்ணான்னு கூப்பிட இன்னைக்கு வாய் வரலே.

ஒட்டின சீட்டை என் கையாலயே கொண்டு போயி கொடுத்தேன். உள்ள என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும்னு நினைச்சேன். கணப்புல போடறதுக்குப் புழுக்கையெல்லாம் கூட அள்ளி வெச்சிருந்தேன், முட்டாள். அவரு பிரிச்சுப் படிச்சாரு. மூஞ்சி மலர்ந்துச்சு. "என்ன எழுதியிருக்காரு?"ன்னு கேட்டேன். "மச்சான் என்னைத் தட்டிக் கொடுத்திருக்காரு ஹில்லே. மொத்த ஹாலந்துலயும் நான் ஒருத்தன்தான் விடாம நிக்கிறேனாம். கடைசிவரைக்கும் நில்லுங்கன்னு எழுதியிருக்காரு"ன்னாரு. அந்தக் காகிதத்தைத் தலையணைக்கு அடியில வெச்சுக்கிட்டாரு.

நான் உன்கிட்ட கேட்டது என்ன, நீ செஞ்சது என்ன? பாவி. எட்டு வயசுல என்னைப் பனியில தவற விட்டுட்டு, திரும்ப ஓடி வந்து தூக்கிக்கிட்டுப் போனவனா நீ?

வைத்தியர் பாவ் வந்து பார்த்தாரு. மார்ல காதை வெச்சுக் கேட்டுட்டு, "இந்த அறையில உடனே தீ மூட்டணும், இந்த ஆளைக் கதகதப்பா வெச்சுக்கணும்"னாரு. "குளிர் முறிஞ்சதும் மூட்டலாம் வைத்தியரே"ன்னாரு இவரு. "குளிர் முறியறதுக்குள்ள நீங்க முறிஞ்சுடுவீங்க"ன்னு வைத்தியர் கத்தினாரு. இவரு சிரிச்சாரு. சிரிப்பு இருமலாச்சு, இருமல்ல ரத்தம் வந்துச்சு. அதுக்கப்புறமும் முடியாதுன்னு தலையை ஆட்டிட்டாரு.

அதுக்கு மேல எனக்குப் பொறுக்கலே. மறுநாள் மத்தியானம் அவரு கண்ணசந்த நேரம், கால் சூட்டுப் பெட்டி நிறையத் தணலை அள்ளி, பாவாடைக்குள்ள மறைச்சுக்கிட்டுப் போயி கட்டில் காலடியில வெச்சேன். கதவைச் சாத்திட்டு அங்கயே உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அந்த அறையில என் மூச்சு புகையாத் தெரியலே. அவரு இருமாம தூங்கினாரு. கன்னத்துல லேசா நிறம் கூட வந்துச்சு. கடவுளே, இப்படியே இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன்.

முழிச்சதும் அவரு முதல்ல பார்த்தது என்னை இல்லே, குழாயைத்தான். பாதரசம் ஏறியிருந்துச்சு. "உருகிடுச்சா? வெளிய பனி உருகிடுச்சா?"ன்னு கேட்டாரு. அதுக்குள்ள பெட்டியைப் பார்த்துட்டாரு. திட்டியிருந்தா தேவலாம். கையால மூஞ்சியை மூடிக்கிட்டு அழுதாரு. "இத்தனை நாள் கஷ்டப்பட்டதெல்லாம் போச்சே ஹில்லே, மச்சான் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"னு சின்னப் பிள்ளை மாதிரி அழுதாரு. நான் பெட்டியை எடுத்துக்கிட்டு வெளியே ஓடினேன். கொட்டிட்டுத் திரும்பி வந்து பார்த்தா, அவரு எழுந்து ஜன்னலைத் திறந்து விட்டுட்டு நிக்கிறாரு. வெறும் சட்டையோட. சூட்டையெல்லாம் வெளிய அனுப்பி, ராத்திரி கணக்குக்குள்ள அறையைப் பழையபடி ஆக்கணுமாம். நான் இழுத்தேன், வரலே. ஜன்னல் கட்டையைப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு. நல்லாக் குளிர்ந்த அப்புறம்தான் விட்டாரு.

அன்னையிலேர்ந்து காய்ச்சல். எழுந்திருக்க முடியலே. இப்ப அவரைத் தூக்கி முன் அறைக்குக் கொண்டு வரவும் வைத்தியர் வேண்டாங்குறாரு. தீ மூட்டப் போனா கட்டில்லேர்ந்து இறங்கப் பார்க்குறாரு. குழாயைப் பார்த்துச் சொல்லச் சொல்லி என்னை ஏவுறாரு. நான் பார்த்துச் சொல்றேன். ஆமா, நானேதான் சொல்றேன். சொல்லாட்டி எழுந்து நிப்பாரு.

இதுக்கு மேலயும் உனக்கு உன் ஃபான் ரோயன்தான் பெரிசுன்னா, பதில் எழுதாதே.


லைடன், 1740 பிப்ரவரி 20

ஹில்லே, அம்மா,

இதை வாங்கின கையோட அந்த அறையில தீ மூட்டு. இருக்கிற எரிமண் எல்லாத்தையும் போடு. இல்லாட்டி நாற்காலியை உடைச்சுப் போடு, அலமாரியை உடைச்சுப் போடு. மாப்பிள்ளைக்குத் தனிச் சீட்டு வெச்சிருக்கேன், ஒட்டலே, நீயே படிச்சுப் பார்த்துட்டுக் கொடு.

உன் கடிதத்தை எடுத்துக்கிட்டு ஃபான் ரோயன் வீட்டுக்கே போனேன். கேட்டாரு. ரொம்ப வருத்தப்பட்டாரு. அப்புறம் என்ன சொன்னாரு தெரியுமா? அறைக்குள்ள மாட்டின குழாயெல்லாம் வீண்னு இப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்களாம். தீயே மூட்டாட்டியும் சுவர் பழைய சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, வெளிக் காத்தை விட ரெண்டு நாள் பின்தங்கியே சொல்லுமாம். இனிமே எல்லாரும் வெளிய, வடக்குச் சுவத்துல, கூரை இறவாணத்துக்குக் கீழே மாட்டணுமாம். இந்தக் குளிர்கால அறைக் கணக்கு எதையும் அவர் அச்சுல சேர்க்கப் போறதில்லே. "உன் மச்சானுக்கு என் நன்றியைச் சொல்லு"ன்னாரு.

எல்லாம் வீண், ஹில்லே. அந்தச் சீட்டை எழுதும்போதே எனக்கு மனசு உறுத்துச்சு. நீ கேட்ட வரியை எழுதிட்டு, அதைக் கிழிச்சுட்டு, வேற எழுதினேன். குளிர் முறிஞ்சுடும், முறிஞ்சுடும்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன். இப்ப அதெல்லாம் பேச நேரமில்லே. அவரைக் காப்பாத்து. பனி வழி கெட்டியாயிடுச்சுன்னா நானே வந்துடுறேன்.

யோரிஸ்


வீரிங்கன் தீவு, 1740 மார்ச் 4

அண்ணா,

உன் கடிதம் வந்துச்சு. பனிக்கட்டி நகர்ந்து, படகு இழுக்குற ஆளுங்க அக்கரையிலயே பத்து நாள் காத்துக் கிடந்தாங்களாம். அதைப் பிரிக்கிறதுக்குள்ள சிப்ரன்ட் போயி ஒரு வாரமாச்சு.

கடைசியில வலி ஒண்ணும் இல்லேன்னு வைத்தியர் சொன்னாரு. அது பொய்யின்னு எனக்குத் தெரியும். ஆனா அவரு என் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு. "எவ்வளவு இருக்கு ஹில்லே?"ன்னு கேட்டாரு. போயி பார்த்துச் சொன்னேன். "நல்லது"ன்னாரு. அதுதான் கடைசிப் பேச்சு. அந்தக் கணக்கு வீண்னு அவருக்குத் தெரியாமயே போயிட்டாரு. உன் சீட்டை நான் படிச்சேன். அடுப்புல போட்டுட்டேன். அது மூட்டின தீயில கால் கூடச் சூடாகலே.

உன்னைத் திட்டணும்னு உட்கார்ந்தேன். திட்டு வரலே. தணலைக் கொண்டு போனது நான். நான் கொண்டு போகாட்டி அவரு ஜன்னலைத் திறந்திருக்க மாட்டாரு. இதை நினைச்சு நினைச்சு மண்டை வெடிக்குது. அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க வந்து அவரைக் குளிப்பாட்டினாங்க. நல்ல சட்டை போட்டு, தலை சீவி விட்டாங்க. சாவு வீட்டு முறைப்படி, முகம் பார்க்குற கண்ணாடியைத் துணி போட்டு மூடினாங்க. அந்தக் குழாயையும் மூடணுமான்னு ஒருத்தி கேட்டா. வேண்டாம்னேன். ஏன் சொன்னேன்னு தெரியலே.

அடக்கம் பண்ண முடியலே அண்ணா. இந்த ஊர்ல குழி வெட்டுறதும் வாத்தியார் வேலைதான். அவரு இல்லாததால மீனவங்க ஆறு பேரு கடப்பாரை எடுத்துக்கிட்டுப் போனாங்க. தரை மேல தீப்பொறிதான் பறந்துச்சாம், ஒரு சாண் கூட இறங்கலே. கடப்பாரை முனை வளைஞ்சு போச்சு. மண்ணு இளகுற வரைக்கும் காத்திருக்கணும்னு போதகர் சொல்லிட்டாரு. அதனால அவரு பின் அறையிலதான் இருக்காரு. அவரோட கட்டில்லயே. பலகைக் கதவைச் சாத்தி வெச்சிருக்கேன்.

எரிமண் படகு ஒண்ணு நேத்து வந்துச்சு. உன் மாப்பிள்ளை மேல இருந்த மரியாதைக்கு எங்களுக்குத்தான் முதல்ல கொடுத்தாங்க. வீட்டு வாசல்ல மலையாக் குவிஞ்சு கிடக்கு. அந்த அறையில மட்டும் மூட்ட முடியாது. மூட்டக் கூடாதுன்னு இப்ப எல்லாரும் சொல்றாங்க, வைத்தியர் கூட.

நீ வர வேண்டாம். வந்து என்ன செய்வே?

இப்ப காலையிலயும் மத்தியானமும் ராத்திரியும் நானே போயி குழாயைப் பார்க்குறேன். உனக்காக இல்லே, ஃபான் ரோயனுக்காகவும் இல்லே. தண்ணி உறையுற கோட்டுக்கு இன்னும் கொஞ்சம் கீழதான் நிக்குது. அதைத் தாண்டி ஏறின அன்னைக்கு அவரைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. ஏறணும், அவரு மண்ணுக்குள்ள நிம்மதியாப் படுக்கணும்னு காலையில வேண்டிக்கிறேன். ராத்திரி ஆனதும், இன்னும் ஒரு நாள் ஏறாம இருக்கட்டும்னு வேண்டிக்கிறேன்.

இன்னைக்குச் சாயந்திரம் கொஞ்சம் ஏறியிருக்கு.

ஹில்லே